குருவி மேல் ஒரு எலெக்ட்ரிக்கல் கம்ப்ளைன்ட்

போன வாரம் காலையில் எதிர் குவார்ட்டர்ஸ் கீர்த்தனா மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் போன். முகத்தில் பீதி.

“ஆன்ட்டி, எலெக்ட்ரிக்கல் கம்ப்ளைன்ட் நம்பர் இருக்கா? எங்க வேலிக்குள்ள ஸ்பார்க் அடிக்குது. பட் பட்னு சத்தம் வருது. மழை வேற பெஞ்சிருக்கு… பயமா இருக்கு.”

“கொடுக்க மாட்டேன்!” என்று கத்திவிட்டேன்.

பாவம், அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போய்விட்டது. கல்யாணமாகி வந்து, குவார்ட்டர்ஸ் அலாட் ஆகி, இன்னும் அட்டைப் பெட்டிகளைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. ஒரு நம்பர் கேட்டதற்கு எதிர்வீட்டு ஆன்ட்டி இப்படி வள்ளென்று விழுகிறாளே என்று நினைத்திருப்பாள்.

என்ன செய்வது? நான் சூடு கண்ட பூனை. அந்தக் கதையைச் சொன்னால்தான் என் கத்தலுக்கு நியாயம் கிடைக்கும்.

கீர்த்தனா இப்போது இருக்கும் வீட்டில் ஏப்ரல் வரை இருந்தவர்கள் நூர்ஜஹான் அக்காவும் அவர் கணவர் ஹமீது பாயும். பாய்க்கு மைன்ஸில் வேலை. வாழ்க்கை முழுக்க ஷிஃப்ட். ஏப்ரல் கடைசியில் ரிட்டையர்மென்ட். எங்கள் டவுன்ஷிப்பில் ரிட்டையர்மென்ட் என்றால் வேலையோடு வீடும் போகும். ஆயுசில் பாதியைக் கழித்த வீட்டைக் காலி செய்து, சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கிளம்புகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசி ஆசை இருக்கும். ஒருவர் முருங்கைக் கிளையை வெட்டி லாரியில் ஏற்றுவார். ஒருவர் கதவு நம்பர் தெரிகிற மாதிரி குடும்பத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். எங்கள் பிளாக்கில் ஒரு புண்ணியவான் சுவரில் அடித்திருந்த ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிக்கொண்டு போனார்!

நூர்ஜஹான் அக்காவின் ஆசை வேறு. ஜனவரியில் ஒரு நாள், அவர் வீட்டுச் சமையலறையில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“இந்த டக்கு டக்குன்னு ஒண்ணு சத்தம் போடுதே, கேக்குதா? அது இன்னான்னு பாத்துட்டுதாம்மா வூட்ட காலி பண்ணுவேன்.”

கேட்டது. ஜன்னலுக்கு வெளியே, பக்கவாட்டு வேலிக்குள்ளிருந்து. நாக்கை மேலண்ணத்தில் தட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு ‘டக்’. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ‘டக்’. மழைக்காலம் ஆரம்பித்தால் வரும், வெயில் ஏறினால் காணாமல் போகும் என்றார்.

“இருவது வருஷத்துக்கு மேல கேட்டுகினு இருக்கேன். ஒரே குருவியா இருக்காதுதான். ஒண்ணு போயி ஒண்ணு வந்திருக்கும், நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரி. ஆனா பசங்க பொறந்தப்ப, மாமியா மவுத்தானப்ப, எல்லாத்துக்கும் ஜன்னலாண்ட அதான் இருந்துச்சு. பேரு தெரியாம, மூஞ்சி தெரியாம எப்பிடிம்மா போறது?”

ஹமீது பாய் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “எந்தச் சத்தம்?” என்றார். இரைச்சலுக்கு நடுவே உழைத்த காது. மெல்லிய சத்தம் எதுவும் அதில் ஏறாது. “நீ உன் சத்தத்தத் தேடு. எனக்கு வூட்டுப் பின்பக்கம் ஒரு ஊமக் குருவி வருது. வாயே தொறக்காது. எனக்கு அது போதும்” என்று சிரித்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“நான் கண்டுபிடிச்சுத் தரேன்க்கா, நீங்க போறதுக்குள்ள” என்று வாக்குக் கொடுத்தேன். காரணம், கௌரவம். நான் எழுதும் இந்தப் பத்தியில் எப்போதோ ஒருமுறை குக்குறுவான் பற்றி எழுதப்போக, பிளாக்கில் நான் பறவை எக்ஸ்பர்ட் ஆகிவிட்டேன். சிறகு ஒடிந்த புறாவிலிருந்து சாப்பிடாத லவ் பேர்ட்ஸ் வரை என்னிடம்தான் வருகின்றன. மானம் போகலாமா?

வாக்குக் கொடுத்த பிறகுதான் எதில் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. புதருக்குள் ஒளிந்துகொண்டு ‘டக்’ என்றால் அது அநேகமாக ஒரே இனம்தான் என்றது புத்தகம். கதிர்க்குருவி!

மயிலைக் கண்டுபிடிக்கக் கண் இருந்தால் போதும். மீன்கொத்திக்கும் அப்படித்தான். கதிர்க்குருவிகள் அப்படி இல்லை. எல்லாம் விரல் நீளம். முக்கால்வாசி பழுப்பு. புத்தகத்தைத் திறந்தால், ஒரே குருவியைப் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்து வேறு வேறு பேர் போட்ட மாதிரி இருக்கிறது. ஒன்றுக்குப் புருவக்கோடு கொஞ்சம் நீளம். இன்னொன்றுக்குக் கொஞ்சம் குட்டை. அதையாவது நின்று காட்டுமா? இலைக்குள் அசைவு தெரியும், நாம் பைனாகுலரைத் தூக்குவோம், இலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

அதனால் அனுபவஸ்தர்கள் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்களாம். முதலில் குரல். அடுத்து விலாசம்… மர உச்சியா, புதரா, கோரையா, வயலா? இதை நான் படித்துச் சொன்னதும் நூர்ஜஹான் அக்கா டக்கென்று பிடித்துக்கொண்டார்.

“அப்ப டவுன்ஷிப் கணக்குதான்! எந்த டைப் குவார்ட்டர்ஸ்ல இருக்குறாங்கன்னு தெரிஞ்சா பாதி ஆள் தெரிஞ்சிருமே.”

ஆரம்பித்தோம். காலையில் சமையலுக்கு முன்னால் கொஞ்ச நேரம், இரண்டு பேரும் வேலி ஓரம். என்னிடம் ஒரு பழைய பைனாகுலர். அக்காவிடம் காது. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காது லேசுப்பட்டதில்லை. குக்கர் விசிலுக்கும் பால் வண்டி ஹாரனுக்கும் நடுவில் அது குருவியைப் பிரித்து எடுத்துவிடும். என் போனில் பறவைக் குரலைக் கேட்டுப் பேர் சொல்கிற ஆப் ஒன்று உண்டு. அது காலை முழுக்கக் கேட்டுவிட்டு, ‘காகம்’ என்றது.

தூங்குமூஞ்சி மர உச்சியிலிருந்து ‘ச்சி-வீ’ என்று ஒன்று கூப்பிட்டது. கழுத்து வலிக்கப் பார்த்ததில், பச்சை பூசின உடம்பு, கண்ணுக்கு மேல் நீளமான வெளிர்க்கோடு. பச்சைக் கதிர்க்குருவி. “அது மாடிக்காரங்க. கீழ எறங்க மாட்டாங்க” என்று அக்கா தள்ளிவிட்டார். வேலியிலேயே ‘டுவிட் டுவிட்’ என்று ஊரைக் கூட்டியது ஒன்று. வாலைத் தூக்கிக்கொண்டு, நெற்றியில் செம்பட்டையோடு. தையல்சிட்டு. அதுவும் இல்லை.

‘டக்’ மட்டும் தினமும் கேட்டது. ஆளைக் காணோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அசம்பாவிதம். பிப்ரவரியில் ஒரு நாள் நான் வடலூர் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து வேலிக்குள் ‘பட் பட் பட்’ என்று தீப்பொறி வெடிக்கிற சத்தம். வேலிக்கு நேர் மேலே சர்வீஸ் வயர் போகிறது. வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? அக்கா எலெக்ட்ரிக்கலுக்கு போன் போட்டுவிட்டார்.

ஃபேன் ஓடவில்லை என்றால் வருகிறோம், வருகிறோம் என்பார்கள். அன்றைக்குப் பார்த்து, சோறு வடிப்பதற்குள் ஆள் வந்துவிட்டது! வயரைப் பார்த்தார்கள். வயர் நன்றாகத்தான் இருந்தது. “செடி உரசியிருக்கும்மா” என்று சொல்லி, வந்ததற்கு ஒரு வேலையாக வேலியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை, வெட்டிப்போட்ட குச்சிகளின் மேலிருந்து ஒரு குருவி எழும்பியது. சாம்பல் நிற முதுகு, ஆடுகிற நீள வால். எழும்பும்போதே சத்தம்… பட் பட் பட்!

சாம்பல் கதிர்க்குருவி. பறக்கும்போது இப்படிப் பொறி பறக்கிற மாதிரி சத்தம் எழுப்புவது அதன் வழக்கம். நாங்கள் ஒரு குருவி மேல் எலெக்ட்ரிக்கல் கம்ப்ளைன்ட் கொடுத்திருக்கிறோம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா சிரிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ‘டக்’ சத்தம் இல்லை.

அன்றும் இல்லை. அந்த வாரமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெறும் வெயில்தான் இருந்தது.

“நானே ஆள் கூப்ட்டு வெட்ட வெச்சுட்டேனேம்மா” என்றார் ஒருநாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. விட்டுவிடலாம்க்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“வெட்ட வெச்சது நான். தேடுறதும் நான்தான். வேலியத்தான் வெட்டுனாங்க, ஆளை இல்லியே? வா.”

எங்கே போவது? நல்லவேளை, பிப்ரவரிக்கு முன்னாலேயே ஒரு காலை அந்த ‘டக்’கை போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். கடலூரில் பறவை பார்க்கிற நண்பர் ஒருவருக்கு அதை அனுப்பினேன். பதில் வந்தது: நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம், குளிர்காலத்துக்கு வடக்கே வெகு தூரத்திலிருந்து வருவது, ஏப்ரலில் திரும்பிவிடும்.

ஏப்ரலில்! அக்காவும் ஏப்ரலில்தான்.

நாணல் என்று பேரிலேயே இருக்கிறதே, அப்புறம் என்ன? டவுன்ஷிப் ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், அதில் ஆளுயரக் கோரை. நோன்பு ஆரம்பித்திருந்தது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டை முடித்து, ஃபஜ்ர் தொழுகையும் தொழுதுவிட்டு அக்கா ரெடியாக நிற்பார். ஒரு வாய் தண்ணீர் இல்லாமல், அந்த வெயிலில், கோரை ஓரம் என்னோடு நடப்பார். “நாளைக்கு வரலாம்க்கா” என்று நான்தான் சோர்ந்துபோவேன். ரோந்து வந்த செக்யூரிட்டி ஜீப் ஒருநாள் நிறுத்தி, “இன்னாம்மா தொலைச்சீங்க?” என்று கேட்டது. “எங்க வூட்டு ஆளு ஒருத்தர” என்றார் அக்கா, முகம் மாறாமல்.

ஒரு காலை கோரைக்குள்ளிருந்து ‘கர்ரா கர்ரா கரீட்’ என்று கட்டைக்குரலில் ஒரு கத்தல். தண்டில் ஏறி வந்து தைரியமாக எதிரே நின்றது. பழுப்புதான், ஆனால் பெரிய உடம்பு. கோரைக்குள்ளேயே இருக்கிற இன்னொரு வகை நாணல் கதிர்க்குருவி. அக்கா அரை நிமிஷம் கேட்டார்.

“இது சண்டக்காரி. நம்முது இல்ல. நம்முது சாது.”

வீட்டுக்கு வந்து புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். முதலிலேயே படித்திருக்கலாம். நாங்கள் தேடுவதற்குப் பேரில்தான் நாணல் இருக்கிறதாம். குளிர்காலத்தில் அது தங்குவது வேலி, தோட்டம், நிழலான புதர். கோரையில் தேடியதெல்லாம் வீண். அக்காவிடம் சொன்னேன், கோபப்படுவார் என்று பயந்துகொண்டே.

“அதனால இன்னா? நெய்வேலின்னு அட்ரஸ்ல போட்டுக்குறமே, நம்மள்ல யாரு நெய்வேலிக்காரங்க? திரும்ப வூட்டுலேர்ந்தே தேடுவோம்” என்றார். அவ்வளவுதான். அசரவே இல்லை அந்த மனுஷி!

பெருநாளைக்கு முந்தின நாள் காலை. என் போனில் ஒரு மிஸ்டு கால். இன்னொன்று. எடுத்தால் அக்காவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, “வா… சத்தம் போடாம வா…”

நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பைனாகுலரோடு ஓடினேன். வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அக்கா வந்த புதிதில் வைத்த மருதாணி. இப்போது கூரை உயரப் புதர். பெருநாளைக்கு இலை பறிக்கக் கையை நீட்டியவர், நீட்டின கையோடு சிலையாக நின்றிருந்தார்.

‘டக்.’

கைக்கு எட்டுகிற தூரம். உள்கிளையில். ‘டக்.’

மூச்சை அடக்கிக்கொண்டு பைனாகுலரைத் தூக்கினேன். முதுகு வெறும் பழுப்பு. வயிறு அழுக்கு வெள்ளை. தட்டையான நெற்றி, கொஞ்சம் நீளமான அலகு, அலகிலிருந்து கண் வரைக்கும் குட்டியாக ஒரு வெளிர்க்கோடு. இறக்கையில் பட்டை இல்லை, எதுவும் இல்லை. குரல் சரி. விலாசம் சரி. இதோ, முகமும் சரி!

பின்வாசலில் ஹமீது பாய் உட்கார்ந்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் அங்கேதான் உட்கார்ந்து டீ குடிப்பார். நோன்பு என்பதால் டீ இல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரல் என்று அவர் நினைத்துக்கொண்ட குரலில் கேட்டார்.

“இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இப்பிடி நிக்கிறீங்க? அது என் ஊமக் குருவிதான?”

நூர்ஜஹான் அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். பாய் குருவியைக் காட்டினார்.

“வருஷா வருஷம் வருமே நூரு. மழ பிடிச்சா வரும். ஷிஃப்ட் முடிஞ்சி வந்து குந்துனா எதிர்ல வந்து நிக்கும். வாயத் தொறந்து தொறந்து மூடும், சத்தம் வராது. பாவம், ஊமன்னு நெனச்சுகினு இருந்தேன்.”

யோசித்துப் பாருங்கள். ஒரே வீடு. ஒரே குருவி. இருபது வருஷத்துக்கு மேல் மனைவி அதைக் கேட்டிருக்கிறாள், பார்த்ததில்லை. கணவன் பார்த்திருக்கிறான், கேட்டதில்லை. இரண்டு பேரும் இரண்டு குருவிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து, ஒருவர் பேச்சை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் இப்படி இன்னும் எத்தனை விஷயம் இருக்குமோ… அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீஸ் கதை சொன்னபோது நான் டிவியை ஆஃப் செய்துவிட்டுக் கேட்டேன். அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அக்கா பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம்.

“இவ்ளோதானா?” என்றார். அப்புறம் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பைனாகுலரைத் திருப்பித் தர மனசு வரவில்லை. பறித்த இலை கைப்பிடிகூட இல்லை. அதைக் கல் மேல் வைத்துவிட்டு, “இந்தப் பெருநாளைக்கு மருதாணிக் கோன் வாங்கிக்கலாம்” என்று உள்ளே போனார்.

ஏப்ரல் நடுவில் அது பாடியது. இந்தக் குருவிகள் கிளம்புவதற்கு முன்னால் பாடும். அதுவரை ‘டக்’ தவிர வேறு தெரியாததுபோல் இருந்த குருவி, மருதாணிக்குள் உட்கார்ந்து மெல்லிய குரலில் விதவிதமாகப் பாடியது. நடுநடுவே மற்ற பறவைகளின் குரலையும் எடுத்துப் போட்டது. பாய் காதில் ஒன்றும் விழாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் தோளில் விரலால் தட்டிக் காட்ட ஆரம்பித்தார். குருவி ஏறினால் விரல் வேகமாக. குருவி நிறுத்தினால் விரலும் நிற்கும். நான் அங்கே நிற்கக்கூடாது என்று தோன்றியது. வந்துவிட்டேன்.

அந்த வாரமே குருவி போனது. மாசக் கடைசியில் லாரி வந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் அவர்கள் சொந்தமாகக் கட்டிய வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். கீர்த்தனா நம்பர் கேட்டால் நான் கத்துவேனா, மாட்டேனா?

அவள் கையைப் பிடித்து வேலிக்கு இழுத்துப் போனேன். வேலி பழையபடி வளர்ந்திருந்தது. இரண்டு நிமிஷத்தில் ‘பட் பட் பட்’… சாம்பல் கதிர்க்குருவி எழும்பிப் போனது. “இவ்ளோண்டு குருவியா ஸ்பார்க் அடிச்சுது?” என்று வாயைப் பிளந்தாள்.

அப்போது பின்பக்கத்திலிருந்து கேட்டது. ‘டக்.’

மருதாணிக்கு ஓடினேன். கீர்த்தனா பின்னாலேயே வந்து, “இந்தச் செடியா ஆன்ட்டி? நாளைக்கு வெட்ட ஆள் வரச் சொல்லியிருக்கோம். பாம்பு வரும்னாங்க” என்றாள்.

நான் பேசினால் மறுபடி கத்துவேன். அக்காவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டுப் புதரை நோக்கி நீட்டினேன். ‘டக்.’ அக்கா கேட்டார்.

“பக்கத்துல அந்தப் பொண்ணு இருக்குதா? கண்ணு… தீபாவளிக்கு மருதாணி வெச்சியாம்மா?”

“கோன்தான் ஆன்ட்டி வச்சேன். போயிடுச்சு.”

“அது எப்பிடிம்மா நிக்கும்? அந்தச் செடி எலைய அரைச்சு ராத்திரி வெச்சுகினு படு. காலையில பாரு. இந்த பிளாக்குல அது மாதிரி செவக்குற செடி கெடையாது. கல்லு பக்கத்துக் கிளையில மட்டும் பறிச்சுக்க. உள்ள கைய விட்டுடாத. உள்ள ஆள் இருக்குது.”

மறுநாள் அரிவாளோடு ஆள் வந்தார். நான் என் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கீர்த்தனா ஓடி வந்து கேட்டிலேயே அவரை மறித்து, வேண்டாம், போங்க என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

உள்ளங்கை இரண்டும் செக்கச்செவேல்!